மறையூரிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?

இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்ற மறையூர் இருக்கிறது. அங்கிருந்து கோவை பீளமேடு விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால் சுமார் 84 கிலோமீட்டர் வரும். மேற்கே கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு இன்னொரு கோடு இழுத்தால் அதுவும் ஏறக்குறைய 84 கிலோமீட்டர்தான். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு வான்வழித் தூரம் சுமார் 2,770 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து துபாய்க்குச் சுமார் 2,780. ஷார்ஜாவும் துபாயும் ஒன்றையொன்று ஒட்டிய நகரங்கள். ஆகவே வளைகுடாவில் வேலை பார்க்கும் மறையூர்க்காரர் ஒருவருக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரம்தான் என்று கணக்கு சொல்கிறது.

ஊரில் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கிக் கோவை போனால் சாலையில் 115 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். மூணாறுக்கு ஏறி, அடிமாலி வழியாக நெடும்பாசேரிக்கு இறங்கினால் 150 கிலோமீட்டர் ஆகும். முன்னது மூன்று மணி நேரம். பின்னது ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. மழைக்காலத்தில் எவ்வளவு ஆகும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு இணையத்தில் ஒரு நொடியில் விடை கிடைக்கிறது. அந்த விடை தப்பு என்று சொல்ல வரவில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் மலையோரத்திலிருந்து பார்க்கும்போது, அது பயணத்தில் மிக எளிதான, மிகத் துல்லியமாகத் தெரிந்த பகுதியை மட்டுமே சொல்கிறது. மீதிப் பகுதியை அளக்க நம்மிடம் ஒழுங்கான அளவுகோல் இல்லை. அதனால் சாமானிய மக்களின் நேரமும் பணமும் வீணாகின்றன; அரசின் முடிவுகளும் பிசகுகின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். பாலக்காடும் இடுக்கியும் தமிழ்நாட்டு எல்லையில் அடுத்தடுத்து இருப்பதுபோலத் தோன்றினாலும் நேரடியாக ஒட்டிய மாவட்டங்கள் அல்ல. பாலக்காட்டின் தென்கிழக்கு முனையில் பரம்பிக்குளம். இடுக்கியின் வடமுனையில் முதுவர் மக்கள் வாழும் இடமலக்குடி, அதற்குக் கிழக்கே மறையூர். நடுவில் கோவை மாவட்டத்தின் வால்பாறை மலையும், திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டக் காடுகளும் கிடக்கின்றன. பரம்பிக்குளத்திலிருந்து மூணாறு நேர்கோட்டில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. சாலையில் போக வேண்டுமானால் பொள்ளாச்சிக்கு இறங்கி, உடுமலை போய், மறுபடி மலையேற வேண்டும்: 150 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டு மாவட்டத்திலும் பயணிகள் விமான நிலையம் கிடையாது. இடுக்கியில் ரயிலும் கிடையாது.

இனி வானத்துக் கணக்கு. பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி பூமியின் மேற்பரப்பில் வளைந்து செல்லும் ஒரு வில். பூமியின் மையத்தின் வழியாக ஒரு தளத்தை வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தின் ஒரு துண்டு அது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அதிகாரப்பூர்வமாக வெளியிடப்பட்டிருக்கும். நெடும்பாசேரிக்கு வடக்கே 10 பாகை 9 கலை, கிழக்கே 76 பாகை 24 கலை. துபாய்க்கு வடக்கே 25 பாகை 15 கலை, கிழக்கே 55 பாகை 22 கலை. பள்ளிக்கூடத்துக் கோண கணிதத்தில் இவற்றைப் போட்டால் பூமியின் மையத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் 25 பாகைக்குச் சற்று மேல் வருகிறது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஆகவே ஏறக்குறைய 1,500 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்பதால் 2,780 கிலோமீட்டர். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கால்குலேட்டரை வைத்துப் பத்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. அவசியம் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

பக்கத்துத் தூரத்துக்கு இவ்வளவுகூட வேண்டாம். நம் அட்சரேகையில் வடக்கு-தெற்காக ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், கிழக்கு-மேற்காக 109.5. மறையூரும் கோவை விமான நிலையமும் அட்சரேகையில் முக்கால் பாகை வேறுபடுகின்றன: 83 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் வேறுபாடு ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு: 13 கிலோமீட்டர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 84. பித்தாகரஸ் தேற்றம் போதும்.

இந்த எளிமைக்குப் பின்னால் இருநூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து தொடங்கினார். அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டி மேற்குக் கடற்கரை வரைக்கும் போனார். சென்னையிலிருந்து மங்களூருக்கு 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் காட்டிவந்தன. உண்மையில் 360 மைல்தான் என்று அந்த அளவை கண்டது. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது. 1806-இல் கோவைப் பகுதியிலும் லாம்டன் ஓர் அடிக்கோடு அளந்தார். பாலக்காட்டுக் கணவாயின் இரு கரையிலும் உள்ள மலையுச்சிகளிலிருந்து தியோடலைட் கருவியால் கோணங்கள் எடுக்கப்பட்டன. அதையடுத்து 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு சர்வே அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே காட்டுப் பகுதிகள் உட்பட, நடந்து அளந்தார்கள். காய்ச்சல் நிறைந்த காடுகள் அவை. கருவியையும் சங்கிலியையும் தூக்கிச் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வரைபடங்களில் பாதி உரிமை அவர்களுடையது.

இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. 1998 ஜனவரி 1 முதல் உலகத்து விமானப் போக்குவரத்து முழுவதும் டபிள்யூஜிஎஸ்-84 என்ற ஒரே புவி அளவை முறைக்கு மாறியது. அதற்கு முன் ஒவ்வொரு நாடும் தனக்கெனப் பூமிக்கு ஒரு வடிவத்தை வைத்திருந்தது. இந்தியா 1830-இல் சர்வே அதிகாரி எவரெஸ்ட் வகுத்த நீள்வட்ட உருண்டையை வைத்திருந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு முறைகளிலும் கிடைக்கும் ஆயங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி நிற்கும். ஓடுபாதையின் அகலம் வெறும் 45 மீட்டர் என்பதை நினைத்தால் இந்த மாற்றம் ஏன் அவசியப்பட்டது என்பது புரியும்.

ஆனால் எந்த விமானமும் அந்த 2,780 கிலோமீட்டரைச் சரியாகப் பறப்பதில்லை. நெடும்பாசேரி ஓடுபாதை கிழக்கு-மேற்காகக் கிடக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் விமானம் எழும்ப வேண்டும். கிழக்கே எழும்பினால் மலைக்கு முன்பே திரும்பி மேற்கே வர வேண்டும். பிறகு வான்வழித் தடங்களின் குறிப்புப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, சென்னை, மும்பை, மஸ்கட் என்று ஒவ்வொரு வான் தகவல் மண்டலத்தின் கட்டுப்பாட்டிலிருந்து அடுத்ததுக்குக் கைமாறி, அரபிக்கடலைக் கடந்து ஓமான் மேலாகப் போகிறது. துபாயில் நெரிசல் இருந்தால் வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து சில விழுக்காடு தூரத்தைக் கூட்டிவிடும்.

நேரத்தை ஊகிக்க ஒரு நாட்டுக்கணக்கு உண்டு. ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தை அதால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்ந்து செல்வதற்கும் சேர்த்து 40 நிமிடம் கூட்டுங்கள். 2,780-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 21 நிமிடம். நாற்பது நிமிடம் சேர்த்தால் 4 மணி நேரம். விமான அட்டவணையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அட்டவணையில் அச்சாகும் நேரம் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து மறுமுனையில் சக்கரக் கட்டை போடும் வரையுள்ள நேரம். பறக்கும் நேரம் மட்டுமல்ல. தாமதத்துக்கென விமான நிறுவனங்கள் கொஞ்சம் சேர்த்தே போடுவதால்தான் சில நாள் "இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பைக் கேட்கிறோம்.

இந்த நான்கு மணி நேரத்தில் பெரிய மாறுதலை உண்டாக்குவது காற்றுதான். எதிர்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் இருந்தால் இந்தப் பயணத்தில் 16 நிமிடம் கூடும். அதே காற்று முதுகிலிருந்து தள்ளினால் 14 நிமிடம் குறையும். ஆக அரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலும் அரபு நாடுகளின் மேலும் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் உயரக் காற்றோடை வலுத்திருக்கும். ஊர் திரும்புகிறவர்களுக்கு அது துணை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, தரையில் வீசும் காற்றுக்கு நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு காற்றோடை ஓடுகிறது. அதை 1958-இல் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலைத் துறையின் பி.கோட்டீஸ்வரம். கேரளத்துக்கு மழை கொண்டுவரும் அதே பருவத்தின் மேல்பகுதி அது. கீழே பாலக்காட்டுக் கணவாய்க்குள் தென்மேற்குக் காற்று புகுந்து பொள்ளாச்சித் தென்னைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் நாளில், பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிர்த்திசையில் ஓடுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அந்தக் கணவாய்க் காற்றைக் கோவை விமான நிலையத்தின் வடிவமைப்பிலேயே காணலாம்: அதன் ஓடுபாதை வடகிழக்கு-தென்மேற்காகக் கிடக்கிறது.

மிக நீண்ட பயணங்களில் காற்றின் கை இன்னும் ஓங்கும். 2016-இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழிக்குப் பதில் பசிபிக் வழியாக விட்டது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது; பின்காற்றால் நேரம் குறைந்தது. கூடுதல் தூரம், குறைந்த நேரம் என்பது வானத்தில் நடக்கக்கூடிய ஒன்று. அரசியலும் வழியை நீட்டும். பாகிஸ்தான் வான்வெளி 2019-இல் சில மாதங்கள் மூடப்பட்டபோதும், 2025 ஏப்ரலில் மீண்டும் மூடப்பட்டபோதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப்போக நேர்ந்தது. கடல் மேலாகப் போகும் கொச்சி, கோவை விமானங்களுக்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

கடிகார விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அதிகாலை 4.30-க்குக் கொச்சியில் கிளம்பி, துபாயில் 7.00 மணிக்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால் பயணம் இரண்டரை மணி நேரம் அல்ல. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அதைக் கூட்ட வேண்டும்: நான்கு மணி நேரம். திரும்பி வரும்போது அதே ஒன்றரையைக் கழிக்க வேண்டும். இதைச் சரியாகப் போடாமல் அழைத்துப்போக வருகிறவரை ஒன்றரை மணி நேரம் காக்க வைத்த குடும்பங்கள் ஏராளம்.

ஆக வானத்தில் எல்லாம் அளந்து முடிந்துவிட்டது. நான்கு மணி நேரம், அதில் கால் மணி முன்பின். இனித் தரைக்கு வருவோம்.

அந்த 4.30 விமானத்தைப் பிடிக்க மறையூரிலிருந்து நெடும்பாசேரிக்குப் போகிறவரின் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடச் சொல்கிறார்கள்: 1.30. சாலைக்கு ஐந்து மணி நேரம்: முந்தைய இரவு 8.30. வழியில் மண் சரிந்தால், லாரி கவிழ்ந்தால், யானை நின்றால் என்று இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்வார்கள்: மாலை 6.30. அந்த நேரத்தில் பஸ் தோதுப்படாது என்பதால் வாடகை ஜீப் அல்லது கார். கூட வழியனுப்ப வீட்டார் நாலு பேர். நான்கு மணி நேரப் பறத்தலுக்கு முன்னால் பத்து மணி நேரம் போய்விடுகிறது. இதில் எந்த ஒரு மணியும் எந்த இணையதளத்தின் 'பயண நேரம்' என்ற கட்டத்துக்குள்ளும் வருவதில்லை.

கோவை வழியாகப் போனால் சாலை நேரம் குறையும். ஆனால் அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மறையூரை விட்டு இறங்கியதும் கரும்புத் தோட்டங்கள் முடிந்து முள்காடு தொடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. மூணாறில் கொட்டிக்கொண்டிருக்கும் அதே நாளில் இங்கே தூசி பறக்கும். சின்னாறு சோதனைச்சாவடியில் கேரளம் முடிகிறது. பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டு வனத்துறைச் சாவடி. அங்கிருந்து ஒன்பதாறு சாவடி வரை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சாலை. அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் யானைகள் இந்தச் சாலையைத்தான் கடக்கின்றன. யானைக் கூட்டம் நின்றால் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். ஹாரன் அடிக்க மாட்டார். பதினைந்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பது யானையைப் பொறுத்தது. அது அவற்றின் வழி; நாம் குறுக்கே போகிறோம். ஆகவே இதைச் சாலையின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். பயண நேரத்தைக் கணக்கிடுகிறவர் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஓர் உண்மை, அவ்வளவே.

பரம்பிக்குளத்தின் நிலை இன்னும் வினோதமானது. அங்கிருந்து நெடும்பாசேரி நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது, கோவை 75. ஆனால் பரம்பிக்குளத்துக்குக் கேரளத்திலிருந்து வண்டி போகும் வழியே கிடையாது. தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் ஏற வேண்டும். சொந்த மாவட்டத் தலைநகரான பாலக்காட்டுக்கே 100 கிலோமீட்டர் அளவில் சுற்று. நேர்கோட்டில் அது 45. ஆக நெடும்பாசேரிக்குச் சாலைவழி 200 கிலோமீட்டர் ஆகிறது, கோவைக்கு 110. நேர்கோட்டில் அருகில் இருப்பது ஒரு விமான நிலையம், சாலையில் அருகில் இருப்பது வேறொன்று. விமான நிலையம் கிடக்கட்டும், ரேஷன் கார்டு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதே சுற்றுதான். முதலமடைப் பஞ்சாயத்தின் காட்டுக் குடியிருப்புகளைச் சேர்ந்த பழங்குடி மக்கள் செம்மணாம்பதியிலிருந்து தங்கள் ஊருக்கு நேர்வழி கேட்டுப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். 2020-இல் தாங்களே மண்வெட்டி எடுத்து வழி வெட்டத் தொடங்கினார்கள்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் பரம்பிக்குளத்துக்கு நேர்வழி இருந்தது. தேக்கு மரத்தை இறக்குவதற்காகக் கொச்சி சமஸ்தானம் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு டிராம் பாதை போட்டது. சுமார் 80 கிலோமீட்டர். மலைச்சரிவுகளில் பெட்டிகளைக் கம்பி வடம் கட்டி இறக்குவார்கள். 1907 வாக்கில் ஓடத் தொடங்கிய அது 1963-இல் நின்றது. அந்தத் தடத்தின் கீழ்முனையான சாலக்குடி, இன்றைய நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர்தான். நூறு ஆண்டுக்கு முன் பரம்பிக்குளத்துக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் இடையே இருந்த தூரம் இன்றைவிடக் குறைவு.

மூணாறு பக்கமும் இதே கதைதான். மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனுக்குச் சிறிய ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு நேரே கீழே கொட்டகுடிக்கு இறக்கி, போடிநாயக்கனூருக்குக் கொண்டுபோனார்கள். மலைச்சரிவில் நேர்கோட்டுத் தூரத்தைப் பயணத் தூரமாக ஆக்கிக் காட்டிய ஏற்பாடு அது. ஆனால் தேயிலைக்கு மட்டும், ஆட்களுக்கு இல்லை. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. ஆலுவாவிலிருந்து குட்டம்புழை, பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய சாலையும் அதே வெள்ளத்தில் போனது. ராஜபாதை என்று மக்கள் சொல்லும் அந்த வழியைத் திறக்கச் சொல்லி இன்றும் கோரிக்கை எழுகிறது. பிறகு நேரியமங்கலத்தில் பெரியாற்றின்மேல் 1935-இல் பாலம் கட்டி, அடிமாலி வழி முக்கிய வழியானது. இன்று நெடும்பாசேரிக்குப் போகிறவர்கள் போவது இந்த வழியில்தான்.

2018 ஆகஸ்டில் எல்லா அளவும் குலைந்தது. நெடும்பாசேரி ஓடுபாதைக்குள் வெள்ளம் புகுந்து 15-ஆம் தேதி மூடப்பட்ட விமான நிலையம் 29-ஆம் தேதிதான் திறந்தது. மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவே பெரியவாரைப் பாலம் உடைந்தது. தற்காலிகமாகப் போட்ட பாதையும் சில மாதங்களில் அடித்துச் செல்லப்பட்டது. நெடும்பாசேரிக்கு வரவேண்டிய விமானங்கள் திருவனந்தபுரம், கோழிக்கோடு, கோவை என்று திரும்பின. மூணாறு எஸ்டேட் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அங்கிருந்து வெளிநாடு போன பிள்ளைக்கு, கோவையில் இறங்கினாலும் உடுமலை, மறையூர் வரைதான் வழி. அதற்கு மேலே நடைதான். மறையூரிலிருந்து இழுத்த நேர்கோடு மட்டும் அந்த நாட்களிலும் அதே 84 கிலோமீட்டராகவே இருந்தது.

மறுபக்கம் பாலக்காட்டுச் சமவெளியில் தூரம் குறைந்திருக்கிறது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் குதிரான் மலையில் மணிக்கணக்கில் வண்டிகள் நின்ற காலம் ஒன்றிருந்தது. 2021 ஜூலை 31-இல் குதிரான் சுரங்கத்தின் ஒரு குழாய் திறந்தது, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மற்றொன்று. ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான சுரங்கம். கிலோமீட்டரில் மிச்சமானது மிகச் சொற்பம். ஆனால் பாலக்காட்டிலிருந்து நெடும்பாசேரிக்குப் போகும் 115 கிலோமீட்டரை நம்பி நேரம் குறிக்க முடிகிறது என்பது பெரிய லாபம். பாலக்காட்டு மக்களுக்குக் கோவை 60 கிலோமீட்டரில் இருக்கிறது. இருந்தும் விமானங்கள் அதிகம் என்பதால் கொச்சிக்குப் போகிறவர்கள் நிறைய. சமவெளிக்காரருக்குத் தேர்வு செய்ய வழி இருக்கிறது. மலைக்காரருக்கு மழை தேர்வு செய்கிறது.

அரசின் கொள்கைக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் நேர்கோட்டு அளவு நேரடியாகப் பாதிக்கிறது. புதிய விமான நிலையங்களுக்கான இந்திய அரசின் 2008-ஆம் ஆண்டுக் கொள்கை, ஏற்கனவே உள்ள விமான நிலையத்திலிருந்து வான்வழியில் 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்றைச் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. பாதிப்பை ஆராய்ந்து விலக்கு அளிக்கலாம். விலக்குகள் கிடைத்தும் இருக்கின்றன. 2018 டிசம்பரில் திறந்த கண்ணூர், கோழிக்கோட்டிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் குறைவு. இந்த அளவுகோலால் மூணாறைப் பாருங்கள்: கொச்சி 72 கிலோமீட்டர், கோவை 104, மதுரை 117. மூன்று விமான நிலையங்கள் சூழ்ந்த, வசதி நிறைந்த ஊர் என்று அந்த எண்கள் சொல்லும். மூன்றில் எதற்கும் மூன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகப் போய்ச்சேர முடியாது என்பதை அந்த அளவுகோல் காட்டாது.

இதனால் மலைமேல் விமான நிலையம் கட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண் சரியும் மலை, யானை வழி, சோலைக்காடு; ஓடுபாதைக்கு ஏற்ற இடம் அது இல்லை. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்சிசி மாணவர்களின் பயிற்சிக்காக 650 மீட்டர் ஓடுபாதை ஒன்று அமைத்தார்கள். 2022 மழையில் அதன் ஓரம் இடிந்து சரிந்தது. அந்த டிசம்பரில் இரண்டு இருக்கைச் சிறு விமானம் ஒன்று அங்கே வெற்றிகரமாக இறங்கியது. அவசரத்துக்கு அது உதவலாம். பயணிகள் ஜெட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சமதளம் வேண்டும். அதற்கு ஒரு மலையையே சீவ வேண்டியிருக்கும். அந்த விலை கொடுக்கத் தகுந்ததல்ல.

வேண்டியது வேறு அளவுகோல். அது உலகத்துக்குப் புதிதும் அல்ல. 1881-இல் பிரான்சிஸ் கால்டன் லண்டனிலிருந்து உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை நாளில் போய்ச்சேரலாம் என்பதை நிறங்களால் காட்டும் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதில் மைல் கணக்கு பின்னுக்குப் போய், நாள் கணக்கு முன்னால் வந்தது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று, பூமியின் நிலப்பரப்பை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று சாலை, சரிவு, காடு, ஆறு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, அருகிலுள்ள நகரத்துக்கு ஆகும் நேரத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதே முறையில் விமான நிலையம், மருத்துவக் கல்லூரி, ரயில் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஊர்வாரியாக நேர வரைபடம் போடலாம். கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று நான்கு வேண்டும். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கொச்சி போகும் சாலை பகலில் ஒரு நல்ல குறுக்குவழி. மாலையில் சோதனைச்சாவடி அடைத்துவிட்டால் அந்த வழியே இல்லை. ஒரே எண்ணால் இந்தச் சாலையைச் சொல்லிவிட முடியாது.

இரண்டு மாநிலங்களும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது, ஏனென்றால் மறையூருக்கும் பரம்பிக்குளத்துக்கும் அருகிலுள்ள விமான நிலையம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளம் தன் எல்லைக்குள் மட்டும் அளந்தால் மறையூர் கொச்சியைச் சார்ந்த ஊராகவே பதிவாகும். தமிழ்நாடு தனியாக அளந்தால் மறையூர் கணக்கிலேயே வராது. உடுமலையிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு, வளைகுடா விமானங்களின் நேரத்தை ஒட்டி, மறையூர் வண்டியோடு இணைப்பு கிடைக்கும்படி ஒரு பஸ் விட்டாலே வாடகைக் காருக்குப் போகும் பணம் மிச்சமாகும். அந்த பஸ் எத்தனை மணிக்கு வேண்டும், எத்தனை பேருக்கு வேண்டும் என்பது நேரத்தால் போட்ட வரைபடம் ஒன்று மேசைமேல் இருந்தால்தான் போக்குவரத்துக் கழக அதிகாரி ஒருவரின் கண்ணில் படும்.